கால் டாக்டர்

என் சொந்தக்காரர்களில் பாதிப் பேருடைய முகம் எனக்கு மங்கிவிட்டது. பாதம் மங்கவில்லை. வாட்ஸ்அப் வீடியோவில் "நல்லா இருக்கியா கண்ணு" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த நிமிடமே போன் கீழே இறங்கிவிடும். திருச்சியில் பெரியம்மாவின் பித்தவெடிப்பு, சித்தப்பாவின் கறுத்துப்போன பெருவிரல் நகம், மதுரை அத்தையின் கால் ஆணி எல்லாம் எனக்கு அத்துப்படி. கோபம் இல்லை. பல் டாக்டர் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் வாயைத் திறந்து காட்டுவார்கள்தானே.

நான் செய்யும் வேலைக்குத் தமிழில் பழகிய சொல் கிடையாது. அமெரிக்காவில் பொடியாட்ரிஸ்ட் என்பார்கள். பாதத்துக்கும் கணுக்காலுக்குமான டாக்டர், அறுவை சிகிச்சையும் செய்பவர். என் மாமனாருக்கு அந்தச் சொல் வாயில் நுழையவில்லை. "கால் டாக்டர்" என்று சுருக்கிவிட்டார். கேட்டவர்கள் "கால் டாக்ஸி மாதிரி, போன் பண்ணா வருவாங்களா?" என்றார்கள். என் தம்பி ஒரு படி மேலே போய், "முழு டாக்டர் இல்ல, அரை டாக்டர் கூட இல்ல, கால் டாக்டர்" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னதை இங்கே மருத்துவமனைகளில் சிலர் சிரிக்காமலே சொல்லுவார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு அறுவை சிகிச்சை அரங்கில், கைகழுவும் தொட்டிப் பக்கம், "நீங்கள் நிஜ டாக்டரா, பொடியாட்ரியா?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இன்று கேட்டால் கணக்குச் சொல்வேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், இரண்டிலும் சேர்த்து 52. உடம்பு முழுவதும் 206. கால்வாசி எலும்பு காலில்தான் இருக்கிறது. தமிழில் மட்டுமே சொல்லக்கூடிய பதில் இது. அந்த ஆளுக்குப் புரிந்திருக்காது.

கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்தேன். கல்யாணமாகி கலிபோர்னியா வந்த புதிதில், வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்த நாட்களில், ஒரு பொடியாட்ரிஸ்டின் கிளினிக்கில் சும்மா போய் நின்று வேடிக்கை பார்க்க இடம் கிடைத்தது. அவர் எழுபதை நெருங்கியவர். ஒரு ஓட்டக்காரர் எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டினார். இவர் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஷூவைக் கழற்றிக் கொடுங்க" என்றார். அடிப்பாகத் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்தார். தாழ்வாரத்தில் நான்கு தடவை நடக்கச் சொன்னார். அப்புறம், "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வாரத்துக்கு எவ்வளவு ஓடுனீங்க, இப்ப எவ்வளவு?" என்று கேட்டார். அந்த ஆள் பதில் சொல்லும்போதே டாக்டரின் முகத்தில் வியாதி எழுதப்பட்டுவிட்டது. கடைசியில்தான் படத்தைத் திருப்பினார். எனக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது.

முடிவு சுலபம், பாதை நீளம். இங்கே பொடியாட்ரிக்குத் தனிக் கல்லூரி, தனிப் பட்டம். பட்டப்படிப்பு முடித்து, மருத்துவக் கல்லூரிக்கு எழுதும் அதே நுழைவுத் தேர்வை எழுதி, நான்கு வருடம் படிக்க வேண்டும். பிறகு மூன்று வருடம் மருத்துவமனையில் ரெசிடென்சி என்னும் பயிற்சி. எனக்கு அதற்கு முன் கரிம வேதியியலும் இயற்பியலும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. மாலை வகுப்பில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு, கைக்குழந்தையின் பால் பாட்டில் பையில் இருக்க, பென்சீன் வளையம் வரைந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகமில்லை. 1912-ல் இவர்கள் சங்கம் வைத்தபோது கைரோபொடிஸ்ட் என்று பெயர். கால் ஆணியும் நகமும் வெட்டுகிறவர்கள். 1950-களின் இறுதியில்தான் பெயரை மாற்றினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பொடியாட்ரிக் கல்லூரியில் மெர்ட்டன் ரூட் என்பவர், பாதம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு இயந்திரத்தைப் போல அளந்து சொல்லித்தரத் தொடங்கினார். நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது அது. 1970-ல் விளையாட்டுக்கான பொடியாட்ரி அகாடமி தொடங்கியது. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸில் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வாங்க, அமெரிக்காவே தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தது. ஓடியவர்களுக்கு முட்டி வலித்தது, கெண்டைக்கால் முன்னெலும்பு வலித்தது. போன இடத்திலெல்லாம் "ஓடாதே" என்றார்கள். "சரி, எப்படி ஓடலாம்னு பார்ப்போம்" என்று சொன்னவர்களில் இந்தக் கால் ஆணி வெட்டுகிறவர்களின் வாரிசுகளும் இருந்தார்கள். எங்கள் துறைக்கு மரியாதை வந்தது அந்த ஒரு வாக்கியத்தால் என்றுதான் நினைக்கிறேன்.

ஓட்டக்காரர்களுக்காகத்தான் நானும் வந்தேன். ஆனால் ரெசிடென்சியில் ஓட்டக்காரர்கள் கண்ணிலேயே படவில்லை. மூன்று வருடமும் சர்க்கரை நோய்தான். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து போன் வரும். போனால், காலில் ஷூவோடு உட்கார்ந்திருப்பார் ஒருவர். ஷூவைக் கழற்றும்போதே வாடை சொல்லிவிடும். ஒருவருடைய ஷூவுக்குள்ளிருந்து மகனின் பொம்மைக் கார் சக்கரம் விழுந்தது. இரண்டு நாளாக அதை மிதித்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். தெரியவில்லை. நரம்பு செத்துப்போயிருந்தது. அன்று இரவு இரண்டு விரல்களை எடுத்தோம்.

அந்தப் புண்கள் ஆறுவதற்கு ஒரு மாவுக்கட்டுப் போடுவோம். பாதத்தின் அடியை ஒட்டி இடைவெளியே இல்லாமல் போடும் கட்டு. உடம்பின் எடை புண்ணின் மேல் மட்டும் விழாமல் முழுப் பாதத்துக்கும் பரவிவிடும். புண் இருக்கும் காலோடு மனிதர் நடக்கலாம், புண்ணும் ஆறும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த அமெரிக்கர், "இது லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையிலிருந்து வந்த முறை. அங்கே ஒரு ஆங்கிலேயர் இருந்தார், பால் பிராண்ட்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் பிராண்ட் பிறந்தது கொல்லிமலையில், 1914-ல். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் அறுவை செய்து சீராக்கியவர். தொழுநோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் மனிதர்கள் தங்களை அறியாமல் தேய்த்தும் சுட்டும் இழக்கிறார்கள் என்பதை நோயாளிகளோடு இருந்து பார்த்துச் சொன்னவர். 1966-ல் கார்வில்லுக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலைப் பார்த்ததும் வேலூரில் பார்த்த அதே புண்தான் என்பது தெரிந்துவிட்டது. இந்த மாவுக்கட்டும் அவர் கண்டுபிடித்ததல்ல. அவருக்கு முன்பே, 1930-களில், கொழும்பில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் தொழுநோய்ப் புண்களுக்குப் போட்டிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. எம்.சி.ஆர். செருப்பு. தமிழ்நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. மைக்ரோ செல்லுலார் ரப்பர், நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர். தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களுக்காக வேலூர், கரிகிரிப் பக்கம் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. என் தாத்தா போட்டிருந்தார். எட்டு மணி நேர விமானப் பயணம் இரண்டு ஏறி வந்து, வேலூரிலிருந்து கிளம்பிய பாடத்தை ஒரு அமெரிக்கரிடம் படித்துக்கொண்டிருந்தேன்.

ரெசிடென்சி முடிந்து நான் தேடி வந்த ஓட்டக்காரர்கள் ஒருவழியாக வந்தார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர்களும் அவர்களும் ஒரே ஆட்கள். சர்க்கரைக்காரருக்கு வலி தெரிவதில்லை. விளையாட்டு வீரர் வலி தெரிந்தும் கேட்காமல் இருக்கப் பழகியிருக்கிறார், அதற்காகப் பதக்கமும் வாங்குகிறார். இரண்டு பேருடைய பாதத்திலும் எலும்பு ஒரே மாதிரிதான் விட்டுக்கொடுக்கிறது.

எலும்பு விரிசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1855-ல் பிரெய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். காரணம் அவருக்குத் தெரியாது. எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. விழவில்லை, அடிபடவில்லை, நடந்தே முறித்துக்கொண்டிருக்கிறார்கள். எலும்பு தினமும் கொஞ்சம் தேய்ந்து, தினமும் கொஞ்சம் கட்டிக்கொள்ளும் பொருள். தேய்மானம் கட்டுமானத்தை முந்தினால் விரிசல். அவ்வளவுதான் சூத்திரம்.

என் கிளினிக்கில் இன்றைய பிரஷ்ய சிப்பாய், நாற்பத்திரண்டு வயது மென்பொருள்காரர். நம்மூர்க்காரர்கள் நிறைய. நண்பர்கள் குழுவில் யாரோ அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருப்பார். இருபது வருடம் நாற்காலியில் இருந்துவிட்டு, மூன்று மாதத்தில் 21 கிலோமீட்டர் ஓட அட்டவணை போடுவார்கள். நெஞ்சும் மூச்சும் ஆறு வாரத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் என்னிடம் வருகிறார்கள். "மூச்சு வாங்கவே இல்ல டாக்டர், அதான் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கூட்டினேன்." தெரியும் சார். அதனால்தான் வந்திருக்கிறீர்கள்.

நம்மவர்கள் கொண்டுவரும் இன்னொரு வாக்கியம்: "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்கு." யாரோ எக்ஸ்ரே எடுத்துக் காட்டியிருப்பார்கள், முள் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். பார்த்தாலே பயம் வரும். ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அந்த முள் உண்டு. வலி வருவது பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் அந்தத் தடித்த நாரில். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் சுருக்கென்று குத்தும், பத்து அடி நடந்தால் குறையும். அதற்கு நான் கத்தி எடுப்பது அபூர்வம். ஒரு துண்டைச் சுருட்டி, படியின் விளிம்பில் வைத்து, விரல்களை அதன் மேல் ஏற்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கச் சொல்கிறேன். மாதக்கணக்கில். "இதுக்கா இவ்வளவு பீஸ்?" என்ற கேள்வியைக் கண்ணிலேயே பார்த்துவிடுவேன்.

ஷூவுக்குள் வைக்கும் அச்சுத் தட்டு விஷயத்திலும் என் மனம் மாறிவிட்டது. தொழிலின் முதல் ஐந்து வருடம் வந்தவர்களுக்கெல்லாம் எழுதிக்கொடுத்தேன். பாதத்துக்கு ஒரு 'நடுநிலை' உண்டு, அதிலிருந்து விலகினால் வியாதி என்று மெர்ட்டன் ரூட் வழியில் படித்தவள் நான். அப்புறம் விலகிய பாதங்களோடு நாற்பது வருடம் ஓடியவர்களையும், கச்சிதமான பாதத்தோடு வாராவாரம் அடிபடுகிறவர்களையும் பார்த்துப் பார்த்து அந்த நம்பிக்கை கரைந்தது. ரூட் இல்லாமல் எங்கள் துறையே இல்லை. அவர் வரைந்த கோடு மட்டும் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. இப்போது பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்கு எழுதுகிறேன். வருமானம் குறைந்தது உண்மை.

குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாணைப் பற்றி ஒரு கதை, எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்வீடனில் ஹோக்கன் ஆல்ஃபிரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கு அந்தத் தசைநாணில் தீராத வலி. அறுவை செய்யச் சொல்லித் தன் மேலதிகாரியிடம் கேட்டார். அந்த அளவுக்கு மோசமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். சரி, அறுந்தே போகட்டும், அப்போதாவது அறுப்பார்கள் என்று, பாரத்தைச் சுமந்துகொண்டு குதிகாலை வலிக்க வலிக்க இறக்கிப் பயிற்சி செய்தார். அறுந்துபோகவில்லை. குணமாகிவிட்டது. 1998-ல் அதை முறைப்படி எழுதினார். பன்னிரண்டு வாரம், தினமும் 180 தடவை. உலகமெங்கும் இன்று அதன் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் கொடுக்கிறோம். அந்த மேலதிகாரி மறுத்ததற்கு நான் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் கத்தி எடுத்தே ஆக வேண்டியவை உண்டு. அதில் ஒன்றில் நான் சறுக்கினேன். சொல்லிவிடுகிறேன்.

சுண்டுவிரலுக்குப் பின்னால், பாதத்தின் வெளி ஓரத்தில் நீளும் எலும்பின் அடிப்பக்கம் ஒரு முறிவு வரும். ஜோன்ஸ் முறிவு என்று பெயர். லிவர்பூலில் இருந்த ராபர்ட் ஜோன்ஸ் 1902-ல் எழுதியது. முதல் நோயாளி அவரேதான், நடனமாடும்போது உடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. வாய்க்காலின் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் எட்டாத வயல் மாதிரி. அதனால் ஒட்டுவதற்கு அடம்பிடிக்கும். விளையாடுகிறவர்களுக்கு உள்ளே ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்குவோம்.

என்னிடம் வந்தது ஒரு கல்லூரிக் கால்பந்து ஆட்டக்காரன். அறுவை நன்றாகவே நடந்தது. பக்கவாட்டில் சின்ன வெட்டு. அங்கே ஓடும் உணர்வு நரம்பை ஒதுக்கிவிட்டு, ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியை எலும்பின் நுனியில் 'மேலே, உள்ளே' என்று வைக்க வேண்டும். வளைந்த எலும்புக்குள் நேரான ஸ்க்ரூ போகிறது என்பதால், தொடங்கும் இடம் தவறினால் எல்லாம் தவறு. எக்ஸ்ரே திரையில் ஸ்க்ரூவின் புரிகள் முறிவைத் தாண்டிக் கடித்து, கோடு மூடிக்கொண்டதைப் பார்க்கும்போது வரும் திருப்தியை வேறெதிலும் நான் கண்டதில்லை.

தவறு அறையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்தது. பையனின் அம்மா, பையன், ஸ்பீக்கரில் பயிற்சியாளர். மூவரும் ஒரே கேள்வி: எப்போ ஆடலாம்? நான் ஒரு தேதி சொன்னேன். எட்டு வாரம். சொல்லும்போது அது ஒரு மதிப்பீடுதான். அவர்கள் காதில் விழுந்தபோது அது வாக்கு. அந்த வாரத்தில் ஒரு ஆட்டம் இருந்தது. எட்டாவது வாரம் எக்ஸ்ரே பார்த்தேன். கோடு லேசாகத் தெரிந்தது, மெல்லிய பென்சில் கீறல் போல. வலி இருக்கிறதா என்றேன். "இல்லவே இல்லை" என்றான். அவனிடம் வலியைப் பற்றிக் கேட்பதே தவறு என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலியைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அவனுக்குப் பத்து வருடமாகப் பயிற்சி. ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் முறிவின் குறுக்கே எலும்புப் பாலம் பாதிகூடக் கட்டப்படவில்லை என்று தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இரண்டாவது ஆட்டத்தில் திரும்பும்போது மறுபடி முறிந்தது. மறுபடி திறந்து, பழைய ஸ்க்ரூவை எடுத்து, குதிகால் எலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைத்து, தடிமனான ஸ்க்ரூ போட்டேன். இந்த முறிவுக்குப் பெரிய இடம் சின்ன இடம் தெரியாது. கூடைப்பந்தின் கெவின் டியூரன்ட்டுக்கே 2014 அக்டோபரில் தொடங்கி ஆறு மாதத்துக்குள் மூன்று அறுவை தேவைப்பட்டது. அதைச் சொல்லி என்னைத் தேற்றினார்கள். நான் தேறவில்லை. அவருக்கு யாரோ செய்தார்கள்; இவனுக்கு நான் செய்தேன். பையன் அந்த வருடம் முழுவதும் ஆடவில்லை. என்மேல் அவனுக்குக் கோபம் இல்லை என்பது இன்னும் உறுத்தியது.

அதற்குப் பிறகு யாருக்கும் தேதி சொல்வதில்லை. "வலியில்லாமல் ஒற்றைக் காலில் இருபது தடவை குதிகாலை உயர்த்த முடிந்தால் அடுத்த படி. ஸ்கேனில் எலும்பு சேர்ந்திருந்தால் அதற்கடுத்த படி" என்று படிகளாகச் சொல்கிறேன். பயிற்சியாளர்களுக்குப் பிடிப்பதில்லை. சிலர் தேதி சொல்லும் டாக்டரைத் தேடிப் போய்விட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்காகக் கேட்பவர்கள் இருப்பீர்கள், ஆகவே ஒரு வார்த்தை. அமெரிக்கப் பொடியாட்ரி பட்டத்தை வைத்துக்கொண்டு இந்தியாவில் எம்.பி.பி.எஸ். டாக்டரைப் போலப் பதிவு செய்துகொள்ள முடியாது. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் எம்.பி.பி.எஸ்., பிறகு எலும்பு மருத்துவம், அதில் பாதம் என்று போவதுதான் வழி. இங்கேயே இருக்கப் போகிறவர்கள் விளையாட்டு வீரர்களை மட்டும் பார்க்கலாம் என்று கனவு காண வேண்டாம். என் திங்கட்கிழமை காலை முழுக்க நகம்தான். குனிய முடியாத கிழவர்கள், கண் தெரியாத பாட்டிகள். நகம் வெட்டும்போது மனிதர்கள் பேசுகிற மாதிரி வேறெப்போதும் பேசுவதில்லை. வாரத்தில் எனக்குப் பிடித்த வேளை எது என்று கேட்டால், அறுவை அரங்கைச் சொல்லத்தான் வாய் வரும். மனசில் வருவது திங்கட்கிழமை காலை.

போன டிசம்பரில் திருச்சி போயிருந்தேன். பெரியம்மாவுக்குப் பதினெட்டு வருடச் சர்க்கரை. வீடியோவில் வெடிப்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்களே தவிர, நான் பார்க்க நினைத்ததைக் காட்ட வழியில்லை. பையிலிருந்து நைலான் இழையை எடுத்தேன். தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். அந்த அழுத்தம் தெரியவில்லை என்றால் பாதத்தின் காவல் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பத்துக் கிராம் கணக்கும் கார்வில்லில் வந்ததுதான்.

கூடத்தில் தரையில் உட்கார்ந்து காலைத் தொட்டதும் பெரியம்மா என் தலையில் கை வைத்து, "தீர்க்காயுசா இரு" என்றார்கள். ஆசீர்வாதம் வாங்க வந்தேன் என்று நினைத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டேன். பிறகு விஷயத்தைச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னேன். "நான் தொடும்போது உம் சொல்லுங்க."

"உம்," என்றார்கள். நான் தொடவில்லை.

பெருவிரல் அடியில் வைத்தேன். இழை வளைந்தது. பேச்சில்லை. முன்பாதத்தில் இரண்டு இடம். பேச்சில்லை. மறுபடி சும்மா இருந்தேன். "உம்," என்றார்கள், பரீட்சையில் தோற்கக் கூடாது என்கிற மாதிரி.

மறுநாள் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தேன். "இது சுகர்காரங்க செருப்புடி" என்று முகம் சுளித்தார்கள். நீங்க சுகர்காரங்கதானே பெரியம்மா என்றேன். போட்டுக்கொண்டு இரண்டு நடை நடந்து பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

"சரி, கோயிலுக்குப் போறப்ப கழட்டிடணுமே?"

திருவானைக்காவல் பிரகாரம் மதியம் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தக் கல்லின் மேல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறேன். பெரியம்மா குதிக்க மாட்டார்கள். நிதானமாக மூன்று சுற்று வருவார்கள்.

"உச்சிக்காலத்துக்குப் போக வேண்டாம். சாயங்காலமாப் போங்க," என்றேன். "சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போங்க. வந்ததும் தங்கச்சியை விட்டு அடிப்பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்க."

"சாக்ஸா? கோயிலுக்கா?"

ஆமாம் என்றேன். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தங்கையைக் கூப்பிட்டு, அதை வாங்கி வரச் சொன்னார்கள். கறுப்பு வேண்டாம், சந்தன நிறத்தில் வேண்டும் என்றார்கள்.